அரியர் சேராமல் நான்கு வருடத்தில் பி.இ. முடிக்க: புதிதாகச் சேருகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் என் தம்பி. நான் பன்னிரண்டாவது முடித்ததும் வேலைக்குப் போய்விட்டேன். அதனால் அவனுக்குக் கட்டணம் கட்டுவது, சான்றிதழ் வாங்குவது, கல்லூரித் தேர்வுப் பிரிவின் ஜன்னலில் போய் நிற்பது எல்லாம் என் பொறுப்பாயிற்று. அவனோடு சேர்ந்த பிள்ளைகளில் பலர் நான்கு வருடம் முடிந்தும் பட்டம் இல்லாமல்தான் வெளியே வந்தார்கள். படிப்பு ஏறாத பிள்ளைகள் இல்லை. ஒரு கடைசித் தேதி தெரியாமல் போயிருக்கும். ஒரு விதியை யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். இல்லையென்றால், முதல் செமஸ்டரில் தவறிய கணக்குத் தாளை, அதாவது அரியரை, “அப்புறம் எழுதிக்கலாம்” என்று தள்ளிக்கொண்டே போயிருப்பார்கள். வழிகாட்ட ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. அதனால்தான் அலைந்து தெரிந்துகொண்டதை எல்லாம் எழுதி வைக்கிறேன்.

இது அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கானது. எண்கள் எல்லாம் பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி (படிப்பு, தேர்வு விதிகளின் தொகுப்பு). நீங்கள் சேர்ந்த வருடத்துக்கு வேறு ஒழுங்குமுறை என்றாலோ, தானே தேர்வு நடத்தும் தன்னாட்சிக் கல்லூரி என்றாலோ எண்கள் மாறும். செய்ய வேண்டிய வேலைகள் பெரும்பாலும் இதேதான்.

1. சேர்ந்த வாரமே ஒழுங்குமுறையை எடுத்துப் படியுங்கள்

ரெகுலேஷன் என்று எல்லோரும் சொல்கிற அந்த ஆவணம் பல்கலைக்கழக இணையதளத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் இருக்கும். முழுவதும் புரிய வேண்டும் என்றில்லை. வருகை, தேர்ச்சி, மறுமதிப்பீடு, விலகல், படிப்பு இடைவெளி ஆகிய பகுதிகளை மட்டும் பிரின்ட் எடுத்து வீட்டில் வையுங்கள். சீனியர் சொன்னார் என்பதை நம்ப வேண்டாம். அவர் படித்தது பழைய ஒழுங்குமுறையாக இருக்கலாம்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது கால வரம்பு. பன்னிரண்டாவது முடித்துச் சேர்ந்தவர்களுக்குப் படிப்பு 8 செமஸ்டர். அதிகபட்சம் 14 செமஸ்டர், அதாவது 7 வருடத்துக்குள் முடித்துவிட வேண்டும். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் வருடம் சேர்ந்தவர்களுக்கு 6 செமஸ்டர், அதிகபட்சம் 12. இந்த வரம்பைத் தாண்டியவர்களுக்குப் பல்கலைக்கழகம் சில சமயம் சிறப்புத் தேர்வு வைத்திருக்கிறது. 2021-இல் அப்படி அறிவித்தபோது, வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஒரு தாளுக்கு 5,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

2. சான்றிதழ், உதவித்தொகை, கடன்: முதல் மாதத்திலேயே முடியுங்கள்

படிப்பு நடுவில் நிற்பதற்குப் பணமும் ஒரு பெரிய காரணம். கட்டணம் பாக்கி என்று ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்து, பிள்ளை தேர்வுக்கு முந்தின நாள் வரை அலுவலக வாசலில் நிற்பதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த மனநிலையில் எந்தப் பிள்ளையாலும் தேர்வு எழுத முடியாது.

இ-சேவை மையத்தில் எடுக்க வேண்டியவை: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பக் கட்டணம் 60 ரூபாய். வருமானச் சான்றிதழை வருடாவருடம் புதுப்பிக்கக் கேட்பார்கள். ஜூன் மாதமே எடுத்து வைத்துவிடுங்கள். கல்லூரிகள் திறக்கும் நேரத்தில் எல்லோரும் விண்ணப்பிப்பதால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு இடத்திலும் தாமதமாகும்.

முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். அண்ணனோ அக்காவோ அதை ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் இது பொருந்தும். நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு, பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. தனியார் கல்லூரிக்கும் பொருந்தும். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. அவர்களிடம் தனியாக வசூலித்தால் ரசீது கேளுங்கள். ரசீதோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். தேர்வுக் கட்டணத்துக்கும் பஸ் பாஸுக்கும் அது போதும்.

இந்தப் பணம் எல்லாம் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருந்தால்தான் வரும். கணக்கு இருக்கிறது, ஆதார் அட்டை நகலும் கொடுத்தாயிற்று, அது போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். நேரடிப் பண உதவிக்கு அந்தக் கணக்குதான் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கியில் வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டு வங்கியில் கணக்கு இருக்கும் பிள்ளைக்குப் பணம் இன்னொன்றில் போய் விழுந்திருக்கும்.

உதவித்தொகை தாமதமாகத்தான் வரும். அதுவரை கல்லூரி முழுக் கட்டணம் கேட்டால், “உதவித்தொகை வந்ததும் கட்டுகிறோம், மீதியைத் தவணையில் கட்ட அனுமதி வேண்டும்” என்று முதல்வருக்குக் கடிதம் எழுதி, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் தேர்வு நேரத்தில் உதவாது.

கல்விக் கடன் வேண்டுமென்றால் வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பியுங்கள். 4 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்புக் காலம் முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும். பட்டம் வந்தாலும் வராவிட்டாலும் தொடங்கும். அரியர் இருக்கும் வீட்டுக்கு அடி இங்கேதான் விழுகிறது.

3. 75 சதவீத வருகை: தினமும் எண்ணுங்கள்

75 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம். 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால், மருத்துவக் காரணமோ விளையாட்டுப் போட்டியோ காட்டி அனுமதி வாங்க வேண்டும். 65-க்குக் கீழே போனால் தேர்வு கிடையாது. அந்த செமஸ்டரையே அடுத்த வருடம் ஜூனியர்களோடு திரும்பப் படிக்க வேண்டும். கட்டணம் திரும்பக் கட்ட வேண்டும். மறுசேர்க்கை அனுமதிக்கும் தனியாக அலைய வேண்டும்.

ஒரு செமஸ்டருக்கு 75 வேலை நாள் என்று வையுங்கள். 18 நாள் விடுப்பு வரை பாதுகாப்பு. 26 நாளைத் தாண்டினால் அந்த செமஸ்டர் போய்விடும். தீபாவளிக்கு முன்னும் பின்னும் நான்கு நாள், மாஸ் பங்க் (வகுப்பே சேர்ந்து மட்டம் போடுவது) இரண்டு நாள், வீட்டில் கல்யாணம், ஒரு வாரம் காய்ச்சல். அதற்குள் 18 வந்துவிடுகிறது!

மருத்துவச் சான்றிதழை உடம்பு சரியான வாரமே கொடுங்கள். செமஸ்டர் கடைசியில் ஒரு டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் மதிக்க மாட்டார்கள். மருத்துவமனையில் சேர்த்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல், பில், மருந்துச் சீட்டு எல்லாம் சேர்த்துத் துறைத்தலைவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்குங்கள்.

4. இன்டர்னல் மதிப்பெண்ணை முதலில் காப்பாற்றுங்கள்

எழுத்துத் தாளுக்கு இன்டர்னல், அதாவது கல்லூரியே போடும் மதிப்பெண் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. தேர்வுத் தாள் 100-க்கு நடந்து 60-ஆகக் குறைக்கப்படும். தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனை: பல்கலைக்கழகத் தேர்வில் குறைந்தது 45 சதவீதம், இரண்டும் கூட்டி 50.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்டர்னல் 23 இருந்தால், தேர்வில் 100-க்கு 45 எடுத்தால் போதும். அது 60-க்கு 27, கூட்டினால் 50. இன்டர்னல் 10 மட்டும் இருக்கிற பிள்ளை அதே தாளில் 67 எடுத்தாக வேண்டும். இரண்டு பேருக்கும் அறிவு ஒன்றாக இருக்கலாம். ஒருவனுக்கு மட்டும் மலை உயரமாகிவிடுகிறது. இன்னொரு பக்கமும் பாருங்கள். இன்டர்னல் 38 வாங்கிய பிள்ளை தேர்வில் 44 எடுத்தால், கூட்டினால் 64-க்கு மேல் வந்தாலும் அரியர்தான்.

இந்த 40 இரண்டு மதிப்பீடுகளிலிருந்து வருகிறது. ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், செமினார், சிறு திட்டப்பணி போன்றவற்றுக்கு 40. இரண்டையும் சேர்த்த 200-ஐ 40-ஆகக் குறைப்பார்கள். அசைன்மென்ட்டை நேரத்துக்குக் கொடுப்பது மூளைக்கு வேலை வைக்காத மதிப்பெண். அதை விடவே கூடாது. இன்டர்னல் மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றும் முன் உங்கள் மதிப்பெண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். ஏற்றிய பிறகு மாற்றுவது மிகவும் கடினம்.

5. முதல் வருடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது

நான்கு வருடம் முடியும்போது கையில் நிற்கிற அரியர்களில் பெரும்பாலும் முதல் வருடத் தாள்தான் இருக்கும். எம்1 என்று பிள்ளைகள் சொல்கிற அணிகளும் நுண்கணிதமும், இரண்டாவது செமஸ்டரில் புள்ளியியலும் எண்முறைகளும், அதே செமஸ்டரில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இயற்பியல், வேதியியலும் ஆங்கிலத்தில் எழுதவேண்டி வருவதால் சிரமம். அவர்களுக்கு நான் சொல்வது: முதல் இரண்டு மாதம் ஆங்கில இலக்கணத்துக்காகப் பயப்பட வேண்டாம். சிறு வாக்கியம், படம், சூத்திரம், அலகு. இவை சரியாக இருந்தால் மதிப்பெண் விழும்.

வினாத்தாள் அமைப்பைத் தெரிந்துகொண்டு படியுங்கள். பெரும்பாலான எழுத்துத் தாள்களுக்கு: இரண்டு மதிப்பெண் கேள்வி 10, பதிமூன்று மதிப்பெண் கேள்வி 5, ஒவ்வொன்றிலும் இது அல்லது அது என்ற தேர்வு, பதினைந்து மதிப்பெண் கேள்வி 1. ஒவ்வொரு பாடமும் ஐந்து அலகாக (யூனிட்) பிரிந்திருக்கும். பதிமூன்று மதிப்பெண் கேள்வி பொதுவாக அலகுக்கு ஒன்று. மூன்று அலகை முழுதாகத் தெரிந்து வைத்தால் 39, அந்த மூன்றின் இரண்டு மதிப்பெண் கேள்விகள் 12. மொத்தம் 51. ஆனால் முழு மதிப்பெண் யாரும் அள்ளிக் கொடுப்பதில்லை. அதனால் நான்காவது அலகையும் பாதியாவது படித்து, ஐந்தாவதில் இரண்டு மதிப்பெண் கேள்விகளை மட்டும் பார்த்துக்கொண்டு போனால், இன்டர்னல் மிகக் குறைவாக இல்லாதவர்களுக்குத் தேர்ச்சி கிடைத்துவிடும். இது தேர்ச்சிக்கான கணக்கு, நல்ல சி.ஜி.பி.ஏ. (மொத்தப் படிப்புக்குமான சராசரித் தரப்புள்ளி) வேண்டுமானால் ஐந்தையும் படிக்கத்தான் வேண்டும்.

கணக்குக்குப் படித்துப் பயனில்லை, போட்டுப் பார்க்க வேண்டும். பழைய வினாத்தாள்களை எடுத்து, மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து வீட்டில் எழுதிப் பாருங்கள். கிராஃபிக்ஸுக்கு வேறு வழி: வகுப்பில் வரைந்த ஒவ்வொரு தாளையும் அதே வாரம் வீட்டில் இன்னொரு முறை வரையுங்கள். டிராஃப்டரும் 2ஹெச் பென்சிலும் கைக்குப் பழகாமல், தேர்வு அறையில் நேரத்துக்குள் முடிக்க முடியாது.

6. அரியர் விழுந்தால் அடுத்த தேர்விலேயே எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள்.

நவம்பர்-டிசம்பர் தேர்வின் ரிசல்ட் வரும்போது அடுத்த செமஸ்டர் பாதி ஓடியிருக்கும். ரிசல்ட்டில் ‘யு’ என்று இருந்தால் அரியர். அதன் பின்னாலேயே ஏப்ரல்-மே தேர்வுக்கு விண்ணப்பம் தொடங்கிவிடும். “இந்த செமஸ்டர் பேப்பரே ஆறு இருக்கு, இதை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று பிள்ளை சொல்லும். விடாதீர்கள். பாடம் இன்னும் நினைவில் இருக்கிறது, நோட்டு கையில் இருக்கிறது, சொல்லிக் கொடுத்த ஆசிரியர் அதே கட்டிடத்தில் இருக்கிறார். ஒரு வருடம் போனால் மூன்றும் போய்விடும்.

அரியர் எழுதும்போது திரும்ப வகுப்புக்குப் போக வேண்டாம். பழைய இன்டர்னல் மதிப்பெண் அப்படியே தொடரும். இன்டர்னல் மிகக் குறைவாக இருக்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு: மூன்றாவது முறையிலிருந்து, கூட்டினால் 50 வராவிட்டாலும், பல்கலைக்கழகத் தேர்வில் மட்டும் 50 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி.

மூன்று, நான்கு சேர்ந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் பணம் கட்டுங்கள், ஆனால் எதைக் கட்டாயம் முடிப்பது என்று இரண்டைத் தேர்ந்தெடுத்து உழையுங்கள். மேல் செமஸ்டர் பாடத்துக்கு அடிப்படையாக இருப்பதை முதலில். தேர்வு அட்டவணை வந்ததும், அரியர் தாளுக்கும் நடப்புத் தாளுக்கும் இடையில் எத்தனை நாள் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம்.

தேர்வுக் கட்டணத்தைக் கல்லூரி வழியாகத்தான் கட்ட வேண்டும். பல்கலைக்கழகம் சொல்லும் கடைசித் தேதிக்கு முன்னாலேயே கல்லூரி ஒரு தேதி வைத்திருக்கும். உங்களுக்கு அதுதான் கணக்கு. கட்டிய பின் பதிவான தாள்களின் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பாடக் குறியீட்டையும் விரல் வைத்துப் பாருங்கள். ஒரு எழுத்து மாறினால் ஹால் டிக்கெட்டில் அந்தத் தாள் வராது.

7. விடைத்தாள் நகலும் மறுமதிப்பீடும்

எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லையென்றால் ரிசல்ட் வந்த அன்றே கல்லூரித் தேர்வுப் பிரிவில் விசாரியுங்கள். விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் கொடுப்பார்கள். முதலில் விடைத்தாளின் நகல், பிறகு மறுமதிப்பீடு. நகல் வாங்காமல் நேராக மறுமதிப்பீட்டுக்குப் போக முடியாது. நான் கட்டியபோது ஒரு தாளுக்கு நகலுக்கு 300, மறுமதிப்பீட்டுக்கு 400. செய்முறைத் தேர்வுக்கும் திட்டப்பணிக்கும் இது கிடையாது.

நகல் வந்ததும் கூட்டலைச் சரிபாருங்கள். பிறகு கடைசிப் பக்கங்கள். பதிமூன்று மதிப்பெண் விடையைப் பாதியில் நிறுத்தி, வேறு கேள்வி எழுதிவிட்டு, நாலு பக்கம் தள்ளித் தொடரும் பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டு. அந்தத் தொடர்ச்சிக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பாட ஆசிரியரிடம் கொடுத்து உண்மையாக எவ்வளவு வரும் என்று கேளுங்கள். 40-க்கு மேல் எடுத்துத் தவறியவர்களுக்குப் பலன் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. 20, 25-இல் இருப்பவர்கள் அந்த 700 ரூபாயை அடுத்த தேர்வுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பெரிய பொறி: மறுமதிப்பீட்டு முடிவு வரும் முன் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதி முடிந்துவிடலாம். அதனால் மறுமதிப்பீடு போட்டிருந்தாலும் அந்தத் தாளுக்கு அரியர் கட்டணத்தையும் கட்டிவிடுங்கள். தேர்ச்சி வந்துவிட்டால் அந்தச் சில நூறு ரூபாய் நஷ்டம்தான். கட்டாமல் இருந்து தேர்ச்சியும் வராவிட்டால் ஆறு மாதம் நஷ்டம்.

8. உடம்போ குடும்பமோ கைவிட்டால்

விபத்து, பெரிய நோய், வீட்டில் சாவு. தேர்வு எழுதவே முடியாத நிலை வந்தால் சும்மா போகாமல் இருந்துவிடாதீர்கள். விலகல் என்று ஒரு வசதி இருக்கிறது. மருத்துவச் சான்று போன்ற ஆவணங்களோடு கல்லூரி வழியாக விண்ணப்பித்தால், அந்தத் தேர்வு எழுதித் தோற்றதாகக் கணக்கில் வராது. முதல் வகுப்பு, சிறப்பு வகுப்பு (டிஸ்டிங்ஷன்) கணக்கிடும்போது இது மிகவும் முக்கியம். சிறப்பு வகுப்புக்கு 8.50 சி.ஜி.பி.ஏ.-வோடு எல்லாத் தாளையும் முதல் முறையிலேயே தேறியிருக்க வேண்டும். படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரே ஒரு செமஸ்டர் தேர்வுக்குத்தான் இந்த வசதியைப் பயன்படுத்தலாம். வருகை சரியாக இருக்க வேண்டும்.

நீண்ட நாள் படிக்க முடியாது என்றால், ஒரு வருடம் வரை அனுமதி பெற்ற இடைவெளி எடுக்கலாம். அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். அந்த ஒரு வருடமும் 7 வருட வரம்புக்குள்தான் சேரும். பிள்ளை மனம் உடைந்து கல்லூரிக்கே போக மாட்டேன் என்கிறபோது, டி.சி. வாங்கிவிடலாம் என்று அவசரப்படாமல் இந்த வழியைக் கேளுங்கள். டி.சி. வாங்கிவிட்டால் திரும்பி வருவது பெரும் பாடு.

9. நான்காவது வருடமும் அதற்குப் பிறகும்

வளாக நேர்காணலுக்கு வரும் பல நிறுவனங்கள் நிலுவை அரியர் இருந்தால் உட்காரவே விடுவதில்லை. அந்த நேர்காணல்கள் ஏழாவது செமஸ்டரிலேயே தொடங்கிவிடும். ஆகவே உண்மையான கெடு நான்காவது வருடக் கடைசி இல்லை. ஆறாவது செமஸ்டர் ஏப்ரல்-மே தேர்வு.

எட்டாவது செமஸ்டரில் ஒரு தாள் நின்றால் அடுத்த வாய்ப்பு நவம்பர்-டிசம்பர். ரிசல்ட் வர அடுத்த வருடம் பிறந்துவிடும். அதற்குள் வேலைக்குச் சேரும் தேதி தாண்டியிருக்கும். படிப்பு முடிந்து வெளியே வந்தவர்களுக்குக் கல்லூரியிலிருந்து யாரும் போன் செய்து தேதி சொல்ல மாட்டார்கள். தேர்வுப் பிரிவில் ஒருவர் எண்ணை வாங்கி வைத்து, பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் நீங்களே கேளுங்கள். ஊரில் வேலைக்குப் போயிருந்தாலும் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே விடுப்பு சொல்லி வையுங்கள்.

கல்விக் கடன் இருந்தால் வங்கிக்கும் போங்கள். குறித்த காலத்தில் படிப்பு முடியாவிட்டால், இரண்டு வருடம் வரை நீட்டிப்பு கொடுக்கக் கல்விக் கடன் திட்டத்தில் இடம் இருக்கிறது. தானாகக் கிடைக்காது. கல்லூரியிலிருந்து போனஃபைட் (அங்கே படிக்கிறவர் என்ற சான்று), மதிப்பெண் பட்டியல், ஒரு வேண்டுகோள் கடிதம் மூன்றையும் தவணை தொடங்கும் முன்பே மேலாளரிடம் கொடுக்க வேண்டும்.

எல்லாம் தேறியதும் வாங்க வேண்டியவை: ஒவ்வொரு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், டி.சி. பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு வரும். பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூஸ் படிவத்தில் நூலகம், ஆய்வகம், விடுதி, கணக்குப் பிரிவு என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்க ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

வாங்கிய இடத்திலேயே பெயரையும் இனிஷியலையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அங்கேயே சொன்னால் திருத்தம் சுலபம். அசல்களை லேமினேட் செய்யாதீர்கள். வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் வாங்கப் போகும்போது லேமினேட் செய்ததைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் போதும்.